ஐந்தரை மணி நேரம்: கோடைகாலப் பயிற்சி ஒன்றில் மழைத் தரவின் நேரம் மாறிய நிகழ்வு

அறிவியல் கணிப்பிலும் ஆய்வுத் தரவுப் பராமரிப்பிலும் கோடைகாலப் பயிற்சி பெற வந்த ஒரு மாணவிக்கும், அவருக்கு வழிகாட்டியாக இருந்த எனக்கும், எங்கள் குழுவுக்கும் எட்டு வாரங்களில் நேர்ந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். தொடர்புடைய எல்லோரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். பெயர்களும் இடங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து ஜூலை நடு வரை கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டமும் இரண்டு மாதந்தான். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் ஓப்பன்லேப் நடத்தும் மாணவர் திட்டம் 9 வாரம். எங்கே போனாலும் காலம் ஏறக்குறைய இவ்வளவே என்பதால், அதற்குள் எந்த வேலையை வைப்பது என்பதுதான் வழிகாட்டி எடுக்கும் முதல் முடிவு. அந்த முதல் முடிவிலேயே நான் தவறியிருந்தேன்.

எங்கள் நீரியல் குழுவுக்குச் சென்னைக்கு மேற்கே, ஏரிகள் நிறைந்த பகுதியில் 11 தானியங்கி மழைமானிகள் உள்ளன. மானிக்குள் இருக்கும் சின்ன வாளி மழைநீரால் நிரம்பிச் சாயும் ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணிக்கை ஏறும். அதை லாகர் என்ற பதிவுக் கருவி 15 நிமிடத்துக்கு ஒரு வரியாகப் பதிந்துகொள்ளும். சில நிலையங்களில் பக்கத்திலேயே கையால் அளக்கும் பழைய மழைமானியும் உண்டு. அதில் ஊர்க்காரர் ஒருவர் தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுத்து எழுதிவைப்பார். நாடு முழுவதும் இந்திய வானிலை ஆய்வு மையம் பின்பற்றும் முறையும் அதுவே: முந்தைய நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்தது அன்றைய தேதியில் பதிவாகும். 2015 வெள்ளத்தின்போது தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. என்று எல்லோரும் படித்த அளவுகள் டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில் இருந்தாலும், அந்த மழையில் பெரும்பகுதி பெய்தது டிசம்பர் 1-ஆம் தேதியில்தான். மழைத் தரவில் அளவு எவ்வளவு முக்கியமோ நேரமும் அவ்வளவு முக்கியம் என்பதை இந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள், நானும் அறிந்திருந்தேன். ஆனால் எங்கள் மானிகளின் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று ஒரு தாளிலும் நாங்கள் எழுதிவைத்திருக்கவில்லை.

2012-இல் தொடங்கிய இந்தத் தரவு முழுவதும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்புகளாகப் பொது ஃபோல்டர் ஒன்றில் கிடந்தது. இதை அறிவியல் தரவுக்கான நெட்சிடிஎஃப் வடிவத்துக்கு மாற்றி, மீதரவு (தரவைப் பற்றிய விவரக் குறிப்புகள்) சேர்த்து, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் எண்ணம். தரவைத் தேடிக் கண்டுபிடிக்கவும், பெறவும், பிற தரவோடு சேர்க்கவும், மறுபடி பயன்படுத்தவும் முடிய வேண்டும் என்று 2016-இல் வெளியான ஃபேர் நெறிகள் சொல்வதை எங்கள் திட்ட அறிக்கைகளில் தவறாமல் எழுதிவந்தோம். செயலில் மட்டும் காட்டவில்லை. அந்த வேலையை ஒரு பயிற்சி மாணவியிடம் கொடுத்தேன். ‘11 நிலையங்கள், எட்டு வாரம்’ என்பதுதான் நான் எழுதிக்கொடுத்த இலக்கு.

முதல் மூன்று வாரங்கள்

மாணவி தென்மாவட்ட அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினிப் பிரிவில் மூன்றாம் ஆண்டு முடித்தவர். பைத்தான் நன்றாகத் தெரியும்; பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் வேலை செய்தது இல்லை. முதல் வாரத்தில், எல்லோரும் உள்நுழைவதற்கான பொதுக் கணினியான லாகின் நோடிலேயே ஸ்க்ரிப்ட்டை ஓட்டிவிட, கணினிப் பொறுப்பாளர் அதை நிறுத்திவிட்டு அவரை அழைத்துப் பேசினார். புதிதாக வரும் யாரும் செய்வதுதான். ஒரு நிலையத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு பணி என்று பிரித்து, பணிகளைக் கணினிகளுக்குப் பங்கிடும் ஸ்லர்ம் வரிசையில் அனுப்பும் முறையை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

பொது ஃபோல்டரில் எழுதும் உரிமையை அவருக்கு முதல் நாளே கொடுத்திருந்தேன். தனி இடம் வேண்டுமானால் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்தேன். மூலக் கோப்புகளும் அந்த ஃபோல்டரிலேயே இருந்தன. வேறு நகல் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

மூன்றாம் வார முடிவில் ஏழு நிலையங்கள் மாற்றப்பட்டிருந்தன. காலநிலைத் தரவுக்கான சிஎஃப் மரபுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருள் ஒரு பிழையையும் காட்டவில்லை. வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினேன். நேர அலகில் மண்டலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அந்த மரபின்படி அது யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) என்றே கொள்ளப்படும். எங்கள் கோப்புகளில் மண்டலம் குறிப்பிடப்படவில்லை. எழுத்தமைப்பு சரியாக இருந்ததால் சோதனை மென்பொருள் தேர்ச்சி கொடுத்தது. உள்ளே இருந்த நேரம் யாருடைய நேரம் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

நான்காம் வாரத்தில் வந்த கேள்வி

மாற்றிய தரவைச் சரிபார்க்க மாணவி தாமாகவே ஒரு வரைபடம் போட்டிருந்தார். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை, நாளின் எந்த மணியில் அதிகம் பெய்கிறது என்று நிலையம் நிலையமாகக் காட்டும் படம் அது. நம் பகுதியில் அந்த மாதங்களில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகலெல்லாம் காய்ந்து, மாலையிலோ முன்னிரவிலோ இடியோடு வரும். ஆறு நிலையங்களில் அப்படித்தான் இருந்தது. ஒரு நிலையத்தில் மட்டும் மாலையில் ஒரு மேடும் நண்பகலை ஒட்டி இன்னொரு மேடுமாக, படம் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டாகப் பிரிந்திருந்தது.

“மேடம், இங்க மட்டும் பாதி மழை மத்தியானம் பெய்யுது. எங்க ஊர்ல கோடை மழைன்னா சாயங்காலந்தான் வரும். இது சரியா?” என்று கேட்டார்.

அன்று மாலை நான் ஒரு திட்ட மதிப்பீட்டுக் கூட்டத்துக்காக வெளியூர் புறப்பட வேண்டியிருந்தது. படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “கடற்காற்று உள்ளே நுழையும் நேரமாக இருக்கலாம், பிறகு பார்ப்போம், மீதி நான்கு நிலையங்களை முடித்துவிடுங்கள்” என்றேன். அந்தப் பதிலில் அவர் காதில் விழுந்தது ‘முடித்துவிடுங்கள்’ என்ற சொல் மட்டுமே என்று பிறகு சொன்னார். அவர்மேல் குறையில்லை. நான் அழுத்திச் சொன்னதும் அந்தச் சொல்லைத்தான்.

நான் இல்லாத நாட்களில் அவர் தனியாக யோசித்து, அந்த நிலையத்தின் லாகர் யுடிசியில் ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். முடிவு பாதி சரி. அந்த நிலையத்தின் எல்லா ஆண்டுகளின் கோப்புகளிலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, அதே பெயரில், அதே ஃபோல்டரில் எழுதும்படி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ஓட்டினார். ஒரே நேரக்குறி இரண்டு தடவை வரும் வரிகளில் பின்னதை நீக்கும் கட்டளையும் அதில் இருந்தது. தரவைச் சுத்தம் செய்யக் கற்பிக்கும் எந்தப் பாடத்திலும் உள்ள கட்டளைதான்.

மழைக்கு முன் ஏறிய நீர்

ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் நாள், எங்கள் குழுவின் முனைவர் பட்ட ஆய்வு மாணவர் என் அறைக்கு மடிக்கணினியோடு வந்தார். அவருடைய ஆய்வு 2015 வெள்ளத்தில் ஒரு சிறிய ஏரிக்கு நீர் வந்த வேகத்தைப் பற்றியது. திரையில் இரண்டு கோடுகள்: மழை ஒன்று, ஏரியின் நீர்மட்டம் ஒன்று. மழைக் கோடு உச்சத்தைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே நீர்மட்டம் ஏறி முடிந்திருந்தது. “போன மாசம் சரியா இருந்துது மேடம். இப்ப மழை பெய்யறதுக்கு முன்னாடியே ஏரி நிரம்புது” என்றார்.

கோப்புகளின் மாற்றத் தேதியைப் பார்த்ததும் நடந்தது புரிந்தது. 2015-இல் அந்த நிலையத்தின் லாகர் இந்திய நேரத்தில் ஓடியிருக்கிறது. பின்னொரு நாளில்தான் யுடிசிக்கு மாறியிருக்கிறது. எல்லா ஆண்டுகளையும் ஒரே அளவில் நகர்த்தியதில் பிந்திய ஆண்டுகள் சரியாகி, முந்திய ஆண்டுகள் கெட்டுவிட்டன. ஐந்தரை மணி நேரத்தைத் திரும்பக் கழித்துவிடலாம். நீக்கிய வரிகளைக் கழித்துப் பெற முடியாது. லாகர் என்று மாறியது என்பதற்கான தடயம் அந்த வரிகளில்தான் இருந்திருக்கும்.

மாணவியை அழைத்தபோது அவருக்குக் கை நடுங்கியது. நான் கேட்பதற்கு முன்பே ஸ்க்ரிப்ட்டைத் திறந்து, எந்த நாள் எத்தனை மணிக்கு ஓட்டினார் என்று காட்டினார். முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு ஸ்க்ரிப்ட்டையும், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் சேமித்து வந்திருந்ததால் நடந்தது எதுவும் மறைந்துபோகவில்லை. அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. கல்லூரியில் ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு வந்த பழக்கம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே பொது ஃபோல்டரை எல்லோருக்கும் படிக்க மட்டும் என்று மாற்றச் சொன்னேன், நான் உட்பட. மூத்த சகா ஒருவர், பயிற்சி மாணவருக்கு மட்டும் உரிமையை எடுத்தால் போதாதா என்று கேட்டார். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் காப்புப்படி எடுக்கும் ஸ்க்ரிப்ட் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மேலெழுதப்பட்டதால், சுமார் 77 டெராபைட் அளவிலான 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அங்கே அதைச் செய்தவர்கள் அனுபவம் உள்ள தொழில்முறைப் பொறியாளர்கள். மூலத் தரவில் எழுத முடிகிற யார் கையிலும் இது நடக்கலாம் என்பதால், வயதையோ பதவியையோ பார்த்து உரிமையைப் பிரிப்பதில் பொருளில்லை என்று பதில் சொன்னேன்.

அடுத்த கேள்வி மாணவியைப் பற்றியது. திருத்தும் வேலையை நிலையான பணியாளர் யாரிடமாவது கொடுத்துவிட்டு, இவருக்கு மிச்ச நாட்களுக்கு எளிய வேலை ஏதாவது தரலாம் என்ற யோசனை வந்தது. அக்கறையில் வந்த யோசனைதான். நான் ஏற்கவில்லை. அந்த ஒட்டக முதுகைப் பார்த்தவர் அவர் ஒருவரே. பத்தாண்டுகளாக அந்தத் தரவைப் பயன்படுத்திய நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. கண்டுபிடித்தவரிடமிருந்து அந்த வேலையைப் பறித்திருந்தால், கேள்வி கேட்டதற்குக் கிடைத்த தண்டனையாகத்தான் அவர் அதை எடுத்துக்கொண்டிருப்பார். கல்லூரிக்கு எழுதும் இடைக்கால அறிக்கையில் பிழையை அவர் பெயரில் எழுதக் கூடாது என்றும், நகல் இல்லாமல் உரிமை கொடுத்தது வழிகாட்டியின் தவறு என்று எழுதுவது என்றும் முடிவு செய்தேன்.

இலக்கைப் பதினொன்றிலிருந்து நான்கு நிலையங்களாகக் குறைத்தேன். நான்கிலும் பக்கத்தில் கை மழைமானி இருந்தது. அதனால் நேரத்தைச் சரிபார்க்க வேறொரு சாட்சி கிடைக்கும்.

இன்னொரு முடிவையும் எடுத்தேன். அது தவறான முடிவு. எல்லாம் தெளியும் வரை 11 நிலையங்களின் தரவையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னேன். கெட்டது ஒரு நிலையம்தான். இரண்டு வாரம் வேலை நின்றுபோனதில், ஆய்வு மாணவர் ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசித் தேதியைத் தவறவிட்டார். அந்த இழப்பு என் பதற்றத்தால் வந்தது.

நிலையத்தில்

ஆறாம் வாரம் மாணவியையும் என்னையும் களப் பணியாளர் அந்த நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கருவிகளைப் பார்த்துவருபவர் அவர். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளிக்கூட வளாகத்தில், கம்பி வேலிக்குள் மானி இருந்தது. புனல் வாயில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை முதலில் சுரண்டி எடுத்தார். பிறகு லாகர் பெட்டியைத் திறந்தார். சின்னத் திரையில் 05:12 என்று இருந்தது. மாணவி தம் கைப்பேசியை அதன் அருகில் பிடித்தார், அதில் 10:42. இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

“இது எப்பண்ணா மாறுச்சு?” என்று கேட்டார் மாணவி. “எழுதி வெச்சிருக்கேன்மா” என்று சொல்லி, வண்டியிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். 2017-இல் ஒரு நாளுக்கு எதிரே, பால்பாயின்ட் பேனாவில், ‘பழைய லாகர் ரிப்பேர். புதுசு மாட்டியாச்சு. டைம் ஜி.எம்.டி. அரை மணி நேரம் வேலை’ என்று இருந்தது. ஜி.எம்.டி.யும் யுடிசியும் நடைமுறையில் ஒரே நேரம்தான். எங்களுக்கு வேண்டிய மீதரவு அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. அந்த நோட்டை அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. லாகரிலிருந்து ஒவ்வொரு முறையும் இறக்கிய கோப்புகளின் முதல் நகலும் அவரிடமே, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பென் டிரைவ்களில் இருந்தது.

அலுவலகம் திரும்பியதும் மாணவி அந்த மூலக் கோப்பில் 2017-இன் அந்த நாளைத் திறந்தார். பழைய லாகரின் கடைசி வரி 11:15. அடுத்த வரியில் நேரம் 06:30 என்று பின்னால் போயிருந்தது. 06:30 முதல் 11:15 வரை ஒவ்வொரு கால்மணியும் இரண்டு தடவை வந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 20 வரிகள். இடைவெளியே இல்லாமல் மாறியிருந்தால் ஐந்தரை மணி நேரத்துக்கு 22 வரிகள் இரட்டித்திருக்க வேண்டும். குறைந்த இரண்டு வரிகள், நோட்டில் எழுதியிருந்த அந்த அரை மணி நேர வேலை. நீக்கப்பட்ட வரிகள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதை அவர் அப்போது கண்ணால் கண்டார். சற்று நேரம் பேசவில்லை.

பிறகு நான்கு நிலையங்களுக்கும் ஒரு சோதனையை அவரே வகுத்தார். ஒவ்வொரு மாதத்துக்கும், லாகர் நேரத்தை இந்திய நேரமாகக் கொண்டு ஒருமுறையும் யுடிசியாகக் கொண்டு ஒருமுறையும், காலை 8.30 வரையிலான 24 மணி நேரக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு, எது கை மழைமானியின் அளவோடு நெருங்குகிறது என்று பார்ப்பது. கோடை மாதங்களில் வேறுபாடு அவ்வளவு தெரியவில்லை; மாலையில் பெய்யும் மழை எந்தக் கணக்கில் எடுத்தாலும் பெரும்பாலும் அதே நாளுக்குள் விழுந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விடியற்காலையிலும் முற்பகலிலும் பெய்யும் மழைதான் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நோட்டில் இருந்த நாளுக்கு முன் இந்திய நேரம், பின் யுடிசி என்று எண்களும் ஒத்துக்கொண்டன. 2019-இல் பேட்டரி இறங்கிப்போன ஐந்து வாரங்கள் மட்டும் இரண்டு கணக்கோடும் பொருந்தவில்லை.

விளைவு

எட்டாம் வார முடிவில் நான்கு நிலையங்களின் தரவு, மண்டலம் வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட நேரத்தோடு, செர்ன் நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் ஏற்றப்பட்டு, டிஓஐ என்ற நிலையான அடையாள எண் பெற்றது. அந்த ஐந்து வாரங்களை ஊகித்துத் திருத்தாமல், நேரம் உறுதியில்லை என்ற குறியோடு அப்படியே விட்டோம். நிலையம் வாரியாக எந்தக் கடிகாரம் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று சொல்லும் ஒரு சிறிய அட்டவணையும் உடன் உண்டு. என் பார்வையில் அந்த வெளியீட்டின் மிக மதிப்புள்ள கோப்பு அதுதான். உருவாக்கியவர்களில் முதல் பெயர் மாணவியுடையது. தரவு திரட்டியவர் என்ற பொறுப்பில் களப் பணியாளரின் பெயர் இருக்கிறது. அவர் இருபது ஆண்டு திரட்டிய தரவிலிருந்து எங்கள் குழு பல கட்டுரைகள் வெளியிட்டுள்ளது. அவர் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கிப் போனார்.

ஆய்வு மாணவரின் வெள்ளக் கணக்கு மறுபடி சரியாக ஓடியது. ஆனால் 2017-க்குப் பிந்திய நிகழ்வுகளை வைத்து அவர் முன்பே செய்திருந்த ஒரு பகுதி தவறான நேரத்தில் நின்றிருந்தது தெரியவந்து, அதை அவர் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. மாணவி வராமல் இருந்திருந்தால் அந்தப் பிழையோடுதான் ஆய்வேடு போயிருக்கும்.

மாற்ற வேண்டியவை

அடுத்த பயிற்சிக் காலத்துக்கு நாங்கள் மாற்றியிருப்பவை சில. மூலத் தரவு தனி இடத்தில், படிக்க மட்டும் முடிகிறபடி இருக்கும். மாற்றங்கள் எல்லாம் வேறு ஃபோல்டரில். தனி இடத்துக்கான படிவத்தை மாணவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வழிகாட்டி நிரப்புவார். பயிற்சி மாணவர்களின் முதல் வாரத்தில் ஒரு நாள் களத்தில் கழியும். அந்த நாளைக் கணினிப் பயிற்சிக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இலக்கை நிலையங்களின் எண்ணிக்கையில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். வாராந்திரக் கூட்டம் இப்போது மாணவர் அந்த வாரம் கண்ட, அவருக்கே விளங்காத ஒன்றோடு தொடங்குகிறது. அதற்குப் பதில் தெரியாவிட்டால், யார் எந்த நாளுக்குள் பார்த்துச் சொல்வது என்று குறித்துக்கொண்ட பிறகே அடுத்த பேச்சு. வழிகாட்டி வெளியூர் போகும் நாட்களில் யாரைக் கேட்பது என்று ஒருவர் பெயர் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

நீல அட்டை நோட்டுகள் ஏழு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, நிலையம் வாரியாகத் தட்டச்சு செய்யும் வேலை நடந்துவருகிறது. மீதி ஏழு நிலையங்களில் ஐந்தின் கடிகாரங்களைப் போய்ப் பார்த்துவிட்டோம். கடைசி இரண்டுக்கு, பருவமழை தொடங்குவதற்குள் போவதாகக் களப் பணியாளர் சொல்லியிருக்கிறார். கல்லூரிக்குத் திரும்பிவிட்ட மாணவி, லாகர் திரையையும் கைப்பேசியையும் சேர்த்துப் படம் எடுத்துத் தமக்கும் அனுப்பும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்.